தகடூர்த் தண்ணீரும் என் தங்கை மகளும்

"பெரியம்மா, நாலு நாள் என்னோட தர்மபுரிக்கு வர்றீங்களா? லாட்ஜில தனியா இருக்கணும்னா அம்மா விடமாட்டேங்கறா."

தங்கை மகள் போனில் இப்படிக் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒகேனக்கல்தான். "அருவி காட்டுவியா?" என்றேன்.

"காட்டறேன். ஆனா அதுக்கு முன்னாடி என்னோட சேர்ந்து பாட்டில் தூக்கணும்!"

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உயிர்வேதியியலில் பி.எச்.டி. முடித்தவள். பி.எச்.டி.யோடு படிப்பு முடிந்து உடனே நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? அப்படி இல்லையாம். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்ய வேண்டும். 'போஸ்ட் டாக்' என்கிறார்கள். நிரந்தர உத்தியோகமும் இல்லை, மாணவப் பருவமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு திண்ணை. "உங்க பொண்ணு இன்னுமா படிக்கிறா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக் கேட்டு என் தங்கைக்கு அலுத்துவிட்டது.

மாப்பிள்ளைக்கு வேலை பெங்களூரில். இவளுக்கு ஆராய்ச்சி சென்னையில். மூன்று வயதுப் பேரன் சேலத்தில் என் தங்கையிடம். ஒரு குடும்பம், மூன்று ஊர்!

தொப்பூர் தாண்டி

சேலத்தில் பஸ் ஏறினோம். தொப்பூர் கணவாயில் லாரிகள் யானைக் கூட்டம் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகின்றன. மேலே வந்ததும் காற்றே மாறிவிடுகிறது. பாறைக் குன்றுகள், மாந்தோப்புகள், கேழ்வரகுக் கொல்லைகள். கொஞ்ச நேரத்தில் அதியமான்கோட்டை என்று பெயர்ப் பலகை வந்தது. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தர்மபுரி. சேலம் ஜில்லாவிலிருந்து 1965ல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2004ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்துபோயிற்று.

"இந்த ஊருக்கு ஏன் வந்தே? சென்னையில் இல்லாத ஆராய்ச்சியா?" என்று கேட்டேன்.

"நாளைக்குக் காலைல பாருங்க பெரியம்மா. நான் சொல்லவே வேண்டாம்" என்றாள்.

வாயைப் பொத்திச் சிரித்த பெண்

மறுநாள் பென்னாகரம் பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். உதவிக்கு எம்.எஸ்ஸி. படிக்கும் பெண் ஒருத்தி வந்திருந்தாள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ், பை நிறைய பிளாஸ்டிக் பாட்டில்கள், கட்டுக் கட்டாகப் படிவங்கள். நாங்கள் இறங்கினதும், "டாக்டரம்மா வந்திருக்காங்க! ஊசி போடுவீங்களா?" என்று ஒரு பாட்டி முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று விளக்குவதற்குள் இவளுக்கு வேர்த்துவிட்டது.

முதல் வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. கண்ணும் மூக்கும் சிற்பி செதுக்கின மாதிரி. நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னதும் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கை தானாக வாய்க்குப் போய்விட்டது. கையை எடுத்தபோதுதான் கவனித்தேன். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள், சுண்ணாம்பு வைத்த மாதிரி வெள்ளைத் திட்டுகள்.

"நல்லாத்தாம்மா வெளக்கறா. சாம்பல், பல்பொடி, பேஸ்ட்டு எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. வெளியூர்ல கல்யாணம் காட்சின்னு போனா, பல்லே வெளக்க மாட்டியான்னு கேக்கறாங்க. அதுல இருந்து எங்கியும் வரமாட்டேங்கறா" என்றாள் அவள் அம்மா.

அது அழுக்கு இல்லை. பல் உருவாகும்போதே உள்ளே ஏறிவிட்ட கறை. காரணம், குடிக்கிற தண்ணீரில் இருக்கும் புளோரைடு.

பாறை தரும் வினை

பஸ்ஸில் பார்த்தேனே, அந்தப் பாறைகள்தான் காரணம். அவற்றில் உள்ள சில தாதுக்களில் புளோரைடு இருக்கிறது. மழை குறைந்த ஊர். கிணறு வற்ற வற்ற ஆழ்துளைக் கிணறு போட்டு, அதையும் மேலும் மேலும் இறக்கிக்கொண்டே போகிறார்கள். பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கின தண்ணீரில் இந்த உப்பு கரைந்து வருகிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசியிலும் தெரியாது.

கொஞ்சமாக இருந்தால் புளோரைடு பல் சொத்தையைத் தடுக்கும். அதனால்தான் பற்பசையில் சேர்க்கிறார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டினால் முதலில் குழந்தைகளின் பல். பல வருஷம் தொடர்ந்து மிக அதிகமாகப் போனால் எலும்பு, மூட்டு, முதுகு. ஊசி கேட்ட பாட்டியின் முழங்கால் வலிக்கு இதுதான் காரணமா, வயதுதான் காரணமா என்று பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்லிவிட முடியாது. அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கதை நேற்று ஆரம்பித்ததல்ல. அமெரிக்காவில் கொலராடோ என்ற இடத்தில் மெக்கே என்ற பல் டாக்டர் 1901ல் ஊர் முழுக்கப் பழுப்புப் பல்லாக இருப்பதைக் கண்டு திகைத்தார். காரணம் தண்ணீரிலுள்ள புளோரைடு என்று தெரிய 1931 ஆயிற்று. முப்பது வருஷம்! நம் நாட்டில் இந்த நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னது நம் சென்னை கிண்டியிலிருக்கும் கிங் நிலையம். அதன் டைரக்டராக இருந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் ஜில்லாவில் பார்த்ததை 1937ல் எழுதினார்கள்.

பெண்களும் இதில் பின்தங்கவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையத்தின் டாக்டர் கமலா கிருஷ்ணசாமி, தம் சக விஞ்ஞானி கிருஷ்ணமாச்சாரியுடன் சேர்ந்து, புளோரைடு மிகுந்த பகுதியில் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்படி கால் வளைந்து போனவர்களைப் பற்றி 1973ல் எழுதினார். டெல்லி அகில இந்திய மருத்துவக் கழகத்தில் பேராசிரியையாக இருந்த டாக்டர் ஏ.கே. சுசீலா தம் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தவர். அவரும் அவர் குழுவினரும் 2010ல் வெளியிட்ட ஆய்வு கர்ப்பிணிகளுக்கு முக்கியமானது. ரத்தசோகையும், சிறுநீரில் அதிகப் புளோரைடும் இருந்த கர்ப்பிணிகளுக்கு, வழக்கமான இரும்புச்சத்து மாத்திரையோடு, புளோரைடு இல்லாத தண்ணீர், பால், தயிர், காய்கறி, பழம் என்று மாற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறியது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் குறைந்தன.

இரண்டு குடம்

"இப்பத்தான் காவேரித் தண்ணி வந்துடுச்சே?" என்று நான் கேட்டேன். உண்மைதான். ஒகேனக்கல்லில் காவிரியை எடுத்துச் சுத்தம் செய்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொடுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு, சுமார் 1,900 கோடி ரூபாய்ச் செலவில் கட்டி முடிந்து 2013ல் தொடங்கியது. புளோரைடு நோயைக் குறைப்பது என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது.

என் தங்கை மகளின் கேள்வியும் அதுதான். நல்ல தண்ணீர் வந்த பிறகு பிறந்து வளர்ந்த குழந்தைகள் உடம்பில் புளோரைடு எவ்வளவு குறைந்திருக்கிறது? சில வீடுகளில் ஏன் இன்னும் குறையவில்லை?

படிவத்தில், 'குடிக்க எந்தத் தண்ணீர்? சமைக்க எந்தத் தண்ணீர்?' என்று ஒரு கேள்வி. எல்லோரும் ஒரே குரலில் "காவேரித் தண்ணிதாங்க" என்றார்கள். எம்.எஸ்ஸி. பெண்ணும் டிக் அடித்துக்கொண்டே போனாள். நான் சும்மா இருக்காமல், அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் அம்மா களி கிண்டுவதைப் பார்க்க அடுக்களைக்குள் நுழைந்தேன். அங்கே இரண்டு குடம். ஒன்று மூடி போட்டுப் பலகைமேல். இன்னொன்று அடுப்புப் பக்கத்தில் தரையில்.

"இது எந்தத் தண்ணி?"

"அது போர்த் தண்ணிங்கம்மா. ஒலை வைக்க, களிக்கு, பருப்புக்கு. காவேரித் தண்ணி எல்லா நாளும் வராது. அதைக் குடிக்கன்னு எடுத்து வச்சிருவோம். கொதிக்க வச்சா எல்லாம் செத்துரும் இல்ல?"

தங்கை மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சற்று நேரம் பேசாமல் நின்றாள். கிருமிதான் கொதிக்க வைத்தால் சாகும். புளோரைடு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட, மிச்சமிருப்பதில் அதன் அளவு கூடத்தான் செய்யும். களியும் சோறும் தண்ணீரை உறிஞ்சுகிறவை. குடிக்காத தண்ணீரைச் சாப்பாடாகச் சாப்பிடுகிறார்கள்! அன்று அதற்கப்புறம் எல்லா வீட்டிலும் அடுக்களைக்குள் போய்ப் பார்த்து, இரண்டு குடத்திலிருந்தும் தண்ணீர் பிடித்தோம்.

சாயந்திரம் வந்த போன்

கடைசி வீட்டில் இருந்தபோது சேலத்திலிருந்து போன். பையனுக்கு நூற்றிரண்டு டிகிரி ஜுரம். தங்கை டாக்டரிடம் காட்டிவிட்டாள், மருந்தும் கொடுத்துவிட்டாள். ஆனால் குழந்தை அனத்துகிறான்.

இவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் குழந்தைகளின் சிறுநீர் மாதிரி எடுக்க வேண்டும். தலைமையாசிரியர் அந்த ஒரு நாள்தான் கொடுத்திருந்தார். பெற்றோர்களிடம் கையெழுத்தும் ரேகையும் அன்றே வாங்கியாயிற்று. அதை விட்டால் பரீட்சை, அப்புறம் லீவு. ஒப்பந்தமோ இன்னும் ஐந்து மாதம்தான்.

"நான் இருக்கேன்டி. பேர் எழுதத் தெரியாதா எனக்கு? நீ போய் உன் பிள்ளையைப் பாரு" என்றேன்.

"தப்பா ஒட்டிட்டா எல்லாமே வீணாயிடும் பெரியம்மா."

"நாப்பது வருஷமா ஊறுகாய் ஜாடிக்கும் மசாலா டப்பாவுக்கும் சீட்டு ஒட்டறவ நான். ஒண்ணாவது மாறியிருக்கா?"

சிரித்துக்கொண்டே அழுதாள். ராத்திரி பஸ்ஸில் போனாள். காலை ஐந்து மணிக்கு, "ஜுரம் இறங்கிடுச்சு" என்று செய்தி. எட்டு மணிக்கெல்லாம் நானும் அந்த எம்.எஸ்ஸி. பெண்ணும் பள்ளிக்கூடத்தில். குழந்தைகள் வெட்கப்பட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தப் பெண் நம்பர் சொல்ல, நான் எழுதி ஒட்டினேன். பத்தரை மணிக்கு இவள் வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை என்பதைக் கர்வத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்!

லாட்ஜுக்குள் ஒரு லேப்

அன்று ராத்திரி எங்கள் அறை மேஜையே லேபரட்டரி. பேனா மாதிரி ஒரு கருவி. அதன் நுனியில் லாந்தனம் என்ற உலோகத்தின் புளோரைடுப் படிகம். தண்ணீரில் புளோரைடு எவ்வளவு என்பதை அது உணர்ந்து மீட்டரில் காட்டும். கண்ணாடிப் பாத்திரம் உதவாது. புளோரைடு கண்ணாடியோடு சேர்ந்து வினை புரியும் என்பதால்தான் எல்லாம் பிளாஸ்டிக். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு கரைசலை அளந்து ஊற்றி, கலக்கி, எண் நிற்கும்வரை காத்திருந்து, எழுதி, நுனியைக் கழுவித் துடைத்து, அடுத்தது. குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுகிற பொறுமை வேண்டும்.

பலகைமேல் இருந்த குடத்துத் தண்ணீர் எல்லைக்குள் நின்றது. அடுப்படிக் குடத்துத் தண்ணீர் எல்லையைத் தாண்டி ஏறியது.

கழுவித் துடைத்துக்கொண்டே மனம் விட்டுப் பேசினாள். 2023ல் மத்திய அரசு நிர்ணயித்தபடி ஆராய்ச்சி இணையருக்கு ஆரம்பத் தொகை மாதம் 58,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முன்பு அவள் இருந்த ஓர் இடத்தில் நாலு மாதம் பணமே வரவில்லையாம். கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது அப்போதுதான். உதவித்தொகைகளில் பெண்களுக்கு வயது வரம்புச் சலுகை உண்டு, பிரசவ விடுப்பும் உண்டு. "சலுகை இருக்கு பெரியம்மா. ஆனா குழந்தை பிறந்த வருஷம் ஒரு கட்டுரைகூட வரல. இன்டர்வியூல முதல்ல அதைத்தான் கேட்டாங்க. இங்க வந்து ஊரான் பிள்ளைங்க பல்லைப் பாக்கறேன். என் பிள்ளைக்கு எத்தனை பல் முளைச்சதுன்னு அம்மா போன்லதான் சொன்னா. இந்தக் கான்ட்ராக்டோட விட்டுடலாமான்னு தோணுது."

நான் புத்தி சொல்லவில்லை. அந்த நேரத்தில் யாருக்கு வேண்டும் புத்தி? பிளாஸ்கில் இருந்த பாலை ஊற்றிக் கொடுத்தேன்.

"நானேதான் குடுத்தேனா?"

சனிக்கிழமை மறுபடி அந்த ஊருக்குப் போனோம். எண்களை எழுதிக்கொண்டு திரும்பிவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இவள் திண்ணையில் பெண்களைக் கூட்டி, இரண்டு குடத்துக் கதையைச் சொன்னாள்.

பன்னிரண்டு வயதுப் பெண்ணின் அம்மா எழுந்து நின்றாள். "அப்படின்னா... இத்தனை வருஷமா நானேதான் என் புள்ளைக்கு இதைக் குடுத்தேனா?"

"நீங்க குடுக்கலை அக்கா. மண்ணுக்குள்ள இருந்தது. உங்களுக்கு யாரும் வந்து சொல்லலை, அவ்வளவுதான்" என்றாள் இவள். பிறகு மூத்தவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். "இவளுக்கு வந்த கறை தானாப் போகாது. ஆனா பல் டாக்டர் மேல பூசி மறைக்கலாம், ஆஸ்பத்திரியில காட்டுங்க. உங்க சின்னவனுக்கு இன்னும் நிலைப்பல் முளைக்கலை. எட்டு வயசு வரைக்கும் சமையலுக்கும் காவேரித் தண்ணி ஊத்துங்க, அவன் பல்லுல கறை குறைய வாய்ப்பு இருக்கு."

"தண்ணி தினம் வராதே கண்ணு?" என்றாள் முழங்கால் பாட்டி.

அங்கேயே கணக்குப் போட்டார்கள். பாத்திரம் கழுவ, துணி துவைக்க, குளிக்க எல்லாம் போர்த் தண்ணீர். குடிக்கவும் உலைக்கும் காவேரி. அதற்கு வீட்டுக்கு எத்தனை குடம் கூடுதலாக வேண்டும்? தொட்டியில் பிடித்து வைக்க முடியுமா? தண்ணீர் விடும் முறை பற்றிப் பஞ்சாயத்தில் யார் போய்ப் பேசுவது? அரை மணியில் பேர் முடிவாகிவிட்டது. பாட்டிதான் முதல் ஆள்!

திரும்பும் வழியில் இவள், "கான்ட்ராக்ட் முடியறதுக்குள்ள இன்னொரு தடவை வந்து இதே பிள்ளைங்களுக்கு அளந்து பாக்கணும் பெரியம்மா" என்றாள். விட்டுவிடுகிற பேச்சு அன்று வரவில்லை. அடியோடு போய்விட்டது என்றும் நான் சொல்லமாட்டேன்.

புகையும் கல்

ஞாயிற்றுக்கிழமை தங்கை பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாக்குக் கொடுத்தபடி ஒகேனக்கல். தர்மபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர், பென்னாகரம் தாண்டிக் காட்டு வழியே இறங்க வேண்டும். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. பாறையில் மோதித் தெறிக்கும் நீர், புகை மாதிரிதான் எழும்புகிறது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், மீன் வறுக்கும் வாசனை, ஆற்றில் சுழலும் பரிசல்கள். கண் கொள்ளாத காட்சி. குழந்தையோடு போகிறவர்கள் பாறை ஓரம் போகாதீர்கள், வழுக்கும். தண்ணீர் அதிகமாக வரும் நாட்களில் பரிசலும் விடமாட்டார்கள், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

பையன் இரண்டு நாளாக அம்மாவிடம் ஒட்டாமல் பாட்டி புடவையையே பிடித்துக்கொண்டிருந்தவன். அருவி இரைச்சலில் பயந்து, தாவி அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டான். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அம்மா, இவ்ளோ தண்ணியும் பாட்டில்ல பிடிக்கணுமா?"

---

வீட்டுக்கு வீடு கவனிக்க...

* புளோரைடு உள்ள ஊரில் நல்ல தண்ணீர் குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் வேண்டும். கொதிக்க வைப்பதாலோ, துணியில் வடிகட்டுவதாலோ புளோரைடு போகாது. ஆர்.ஓ. முறை அதை நீக்கும். மழைநீரில் புளோரைடு மிகக் குறைவு.

* தாய்ப்பாலில் புளோரைடு மிக மிகக் குறைவு. அம்மா குடிக்கும் தண்ணீரில் அதிகமாக இருந்தால்கூடப் பாலில் அதிகம் வராது. பால்பவுடரை அந்தத் தண்ணீரில் கரைத்தால் குழந்தைக்கு நேராகப் போய்விடும். பச்சைக் குழந்தைக்குத் தாய்ப்பாலே பாதுகாப்பு.

* நிலைப்பற்கள் உருவாகும் காலம் எட்டு வயது வரை. அதுவரை மிகவும் கவனம் தேவை.

* பால், தயிர், கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய் போன்ற சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் உள்ள உணவு நல்லது. தினம் 10 கிராம் புளி சேர்த்துக்கொண்ட பள்ளிச் சிறுவர்களின் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறியது என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையத்தார் 2002ல் கண்டார்கள். ஆனால் புளி மருந்தல்ல. தண்ணீரை மாற்றுவதுதான் மருந்து.

* குழந்தைக்குப் பற்பசை மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். புளோரைடு மிகுந்த ஊர் என்றால் எந்தப் பற்பசை என்று பல் டாக்டரைக் கேளுங்கள்.

* உங்கள் வீட்டுப் பெண்ணோ மருமகளோ ஆராய்ச்சிக்குப் போகிறவளா? "இன்னுமா படிக்கிறே?" என்று கேட்காதீர்கள். ஒரு நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பாட்டிலுக்குச் சீட்டும் ஒட்டிக் கொடுங்கள்!